வீட்டை வரைந்தவர்

ஊரில் ஒரு மண்டபம் திறக்கப்பட்டால் அதன் சுவரில் ஒரு கல் பதிக்கப்படுகிறது. திறந்து வைத்தவர் பெயர், தலைமை வகித்தவர் பெயர், பொருள் உதவியவர் பெயர், நாள் எல்லாம் அதிலே இருக்கும். செங்கல்லை அடுக்கிய கொத்தனார் பெயர் இராது. உலக வழக்கம் தெரிந்த எவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. ஆனால், மண்டபம் இன்ன உயரம் இருக்க வேண்டும், காற்று இன்ன வழியாக நுழைய வேண்டும், மழைத் தண்ணீர் இன்ன பக்கம் ஓட வேண்டும் என்று முன்னதாகவே யோசித்துத் தாளில் வரைந்தவர் ஒருவர் உண்டல்லவா? அவருடைய பெயரும் பெரும்பாலும் அந்தக் கல்லில் இருப்பதில்லை. நகரத்தார் ஆர்க்கிடெக்ட் என்றும் நாம் கட்டடக் கலைஞர் என்றும் சொல்லுகிற அம்மனிதரைப் பற்றி நம் ஜனங்கள் அறிந்திருப்பது மிகச் சொற்பம். ஐம்பது நடிகர்களின் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் இளைஞரிடம் ஒரே ஒரு கட்டடக் கலைஞரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், விழிக்கிறார். கோபுரம் எழுப்பச் சிற்பியைக் கடல் கடந்து வரவழைக்கத் தெரிந்த நாம், பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றுச் சாகிற வீட்டை வரைந்தவர் யார் என்று கேட்டதில்லை. அத்தகையோரில் சிலரை வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

உயரமான கட்டடங்களை முதலில் சொல்லி முடித்து விடலாம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் 1998-ல் கட்டி முடிந்தது. 88 மாடி, 452 மீட்டர். அதை வரைந்தவர் ஆர்ஜென்டினாவிலே பிறந்து அமெரிக்காவிலே தொழில் நடத்திய சீசர் பெல்லி (1926–2019). 1984-ல் எழுந்த, இடை சிறுத்த தாபோங் ஹாஜி கட்டடமும், மூங்கில் குருத்துப் போல் நிற்கும் டெலிகாம் கோபுரமும் ஹிஜ்ஜாஸ் கஸ்தூரியுடையவை. அவர் 1936-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட மெர்டேக்கா 118, ஆஸ்திரேலியாவின் ஃபெண்டர் கட்சாலிடிஸ் என்ற குழுவினர் வரைந்தது, உயரம் 678.9 மீட்டர். இவற்றை அண்ணாந்து பார்ப்பதில் குற்றமொன்றுமில்லை, நாமும் பார்த்திருக்கிறோம். அண்ணாந்து பார்க்கிற கட்டடத்தில் நாம் குடியிருப்பதில்லை என்பது மட்டுமே விஷயம்.

நாம் குடியிருப்பது ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தொடர் வீட்டில். வீடுகள் யாவும் ஓர் அச்சில் வார்த்தவை. தெருக்களுக்கும் தனிப் பெயர் கிடையாது; ஜாலான் பெர்மாஸ் இத்தனை என்று எண்தான். இவ்வீடுகளின் வரைபடத்திலும் ஒரு கட்டடக் கலைஞரின் கையொப்பம் இருக்கத்தான் செய்யும். பதிவு பெற்றவர் ஒப்பமிடாத திட்டம் நகர மன்றத்தில் ஏறாது. ஆனால் அவர் நம்மைக் கண்டதில்லை. நாம் அவரைக் கண்டதில்லை. மனையின் அகலமும் விற்பனை விலையும் அவர் முன் இருந்தன. அதிலே குடியேறப் போகிறவர் இருக்கவில்லை. இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர். காற்று வர முன்வாசலும் பின்வாசலும்தான் வழி. வீட்டை நீட்டிக் கட்டுவோர் முன்னே வண்டிக்குத் தகரக் கூரை போட்டு, பின்னே சமையற்கட்டை எல்லைச் சுவர் வரை கொண்டுபோய், அந்த இரண்டு வழியையும் அடைத்து விடுகிறார்கள். பிறகு குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறார்கள். வாசற்படி எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று சொல்ல வரும் வாஸ்துக்காரருக்கு வெள்ளியை எண்ணிக் கொடுக்கிற வீட்டுக்காரர், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று யாரையும் கேட்பதில்லை. அதைக் கேட்க வெள்ளி செலவில்லை என்பதனாலோ என்னவோ!

நிற்க. நாம் பிறந்தது ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். லயத்துக்குக் கட்டடக் கலைஞர் கிடையாது. இத்தனை தலைக்கு இத்தனை அடி என்று ஓர் அளவுகோல் இருந்தது, அவ்வளவே. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பலகைச் சுவர். பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால் இந்த வீட்டுத் தாய் எழுந்து உட்காருவாள். அந்த லயத்தைப் புகழ நமக்கு மனமில்லை. பழைய தோட்டத்தை எண்ணிப் பெருமூச்சு விடுகிற எழுத்து இப்பொழுது அதிகமாகிவிட்டது; அதில் பாதி, வெளியிலிருந்த குழாயடியில் தண்ணீருக்கு வரிசையில் நிற்காதவர்கள் எழுதுவது. ஆயினும் லயத்தில் அஞ்சடி என்று ஒன்றிருந்தது. ஐந்தடி அகலத் தாழ்வாரம். அதுவே பெயரும் ஆயிற்று. மாலையில் பெண்கள் கீரை ஆய்ந்ததும், பிள்ளைகள் பாடம் படித்ததும், கூலி குறைந்ததைப் பற்றி ஆண்கள் அடித்தொண்டையில் பேசியதும், பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் அங்கேதான். மழைச்சாரல் பலகையை அரிக்காமல் இருக்கப் போட்ட தாழ்வாரமாகத்தான் இருக்க வேண்டும். அதைச் சபையாக்கிக் கொண்டவர்கள் குடியிருந்தவர்கள்.

இலங்கையின் கட்டடக் கலைஞருள் உலகப் புகழ் பெற்றவர் ஜெப்ரி பாவா (1919–2003). 1982-ல் கோட்டேயில் நீர் நடுவே எழுந்த நாடாளுமன்றமும், 1994-ல் தம்புள்ளைக்கருகே பாறையோடு பாறையாகக் கட்டிய கந்தளம விடுதியும் அவருடையவை. அவருடன் இருபதாண்டுக்கு மேல் கூட்டாளியாயிருந்து, அவர் வரைந்தவை நிற்கும்படி செய்தவர் பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர். பாவாவின் பெயர் அச்சாகிற இடமெல்லாம் இவர் பெயர் அச்சாவதில்லை. பாவா தம் தொழிலின் தொடக்கத்தில், 1950களின் இறுதியில், அப்கொட்டிலுள்ள ஸ்ட்ரத்ஸ்பே தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பங்களா வரைந்தார். மேட்டின் மேலிருந்த துரை பங்களாவுக்கு அப்படிப்பட்ட கை கிடைத்தது. கீழே, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறைக்கு அவ்விதக் கை எதுவும் நீளவில்லை. பாவாவைக் குறை சொல்ல வரவில்லை. யார் கூப்பிட்டாரோ அவருக்கு வரைந்தார். லயத்தில் இருந்தவர்களுக்குக் கூப்பிடும் அதிகாரம் இல்லை.

கூப்பிட முடியாதவரையும் தேடிப்போய்க் கேட்டவர் ஒருவர் அதே இலங்கையில் இருந்தார் என்பதை நம் பெண் வாசகர்கள் முக்கியமாக அறிய வேண்டும். மினெட் டி சில்வா, 1918-ல் கண்டியில் பிறந்தவர். 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் கழகத்தில் இணை உறுப்பினராகச் சேர்ந்த முதல் ஆசியப் பெண். ஊர் திரும்பித் தனியாகத் தொழில் தொடங்கினார். அக்காலத்தில் ஒரு பெண் சாரத்தின் மேலேறிக் கொத்தனாருக்கு உத்தரவிடுவதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. 1950களின் நடுவில், அரசாங்க ஊழியர்களுக்காகக் கண்டியருகே வட்டபுலுவ என்னுமிடத்தில் ஒரு குடியிருப்பை வரையும் பொறுப்பு அவருக்கு வந்தது. அவர் தாளை எடுக்குமுன் கேள்விகளை எடுத்தார். குடியேறப் போகிற குடும்பங்களுக்கு வினாப் பட்டியல் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எங்கே உறங்குகிறீர்கள், எவ்வளவு செலவு தாங்கும் என்று விசாரித்தார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த குடியிருப்பு அது. வந்த விடைகளைக் கொண்டு சில வகை வீடுகளை வரைந்து, அவரவர் விருப்பப்படி தேர்ந்து கொள்ளச் செய்தார். இதிலே பெரிய சாஸ்திரம் ஒன்றுமில்லை. சமைக்கிறவளைக் கேட்டுச் சமையற்கட்டை வரைந்தார், அவ்வளவே. அவ்வளவு சுலபமான காரியத்தை உலகில் மிகச் சிலரே செய்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். 1998-ல் அவர் காலமானார். அவர் புகழ் பரவத் தொடங்கியது அதற்குப் பின்னரே.

கேளாமல் வரைவதனால் என்ன நேரும் என்பதை நம் குடும்பத்திலேயே கண்டோம். தோட்டம் விற்கப்பட்டபின் நமது பெரியப்பா ஐந்து மாடி மலிவு விலைக் குடியிருப்பு ஒன்றில் நான்காவது மாடிக்குப் போனார். மின்தூக்கி கிடையாது. மூன்று படுக்கையறை, குழாயில் தண்ணீர், உள்ளேயே கழிப்பறை. லயத்தோடு ஒப்பிட்டால் அது அரண்மனை, அவரும் அப்படித்தான் சொன்னார். அவர் இறந்த அன்று பெட்டி மேலே போயிற்று. கிடத்தியபின் கீழே வர மறுத்தது. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் பெட்டியின் நீளத்துக்கு இடமில்லை. ஆறு பேர் கூடி யோசித்து, வேறு வழியின்றி, நிமிர்த்தியே இறக்கினோம். எண்பது வயதுக் கிழவர் நின்றபடி நான்கு மாடி இறங்கினார். பெரியம்மா மேற்படியில் நின்று கொண்டு, "மெள்ளப்பா, மெள்ள, அவருக்கு முட்டி வலி" என்று சொல்லிக் கொண்டே இருந்தார். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் கூடாரம் அடித்துச் சடங்கை முடித்தோம். அந்தப் படிக்கட்டை வரைந்தவர் கெட்டவரல்லர்; விதிப்படியான அகலத்தைக் கொடுத்திருப்பார். அந்த மாடியில் மனிதர்கள் இறப்பார்கள் என்பது தாளில் தோன்றவில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் செனிபோங் கரைக்குப் போய் நின்றால் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தெரிகிறது. அங்கே குடியிருப்போரில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். 1960-ல் தொடங்கிய அக்கழகத்தில், 1969 முதல் 1989 வரை இருந்து தலைமை அதிகாரியாகவும் உயர்ந்த கட்டடக் கலைஞர் லியூ தாய் கெர், நமது ஜொகூரின் மூவாரில் 1938-ல் பிறந்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அவர் காலத்தில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வீடு மட்டும் போதாது. பள்ளி, சந்தை, பூங்கா, பேருந்து எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தால்தான் அது ஊர் என்று நகரம் நகரமாக வகுத்தார். கம்பங்கள் மறைந்ததும், வீட்டுக்கு 99 ஆண்டுக் குத்தகைதான் என்பதும் அங்கே ஓயாத பேச்சு; அவற்றை மறைத்துச் சிங்கப்பூரைத் துதிப்பது நமது வேலையன்று. ஆனால் 1970களிலிருந்து அந்த அடுக்குமாடிகளின் தரைத் தளத்தை வீடு வைக்காமல் திறந்தே விட்டார்கள். அது தனி ஒருவருடைய யோசனையன்று; கழகத்தாரின் வழக்கமாயிற்று. மலாய்க்காரர் திருமணமும் சீனர் இழவும் நம்மவர் கூட்டமும் அங்கேதான் நடக்கின்றன. அதைப் பார்த்ததும் நமக்கு அஞ்சடி ஞாபகம் வந்தது. பெரியப்பாவும் ஞாபகம் வந்தார்.

இனி, நாம் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி பேக்கர் 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். உலக யுத்தத்தின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு செய்து விட்டுத் திரும்புகையில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியாரைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே ஏழைக்கு வீடு கட்ட வேண்டும் என்ற கருத்து அங்கே அவர் நெஞ்சில் விழுந்தது. 1945-ல் இந்தியாவுக்கு வந்து தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டினார். எலிசபெத் என்ற மலையாள மருத்துவரை 1948-ல் மணந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பதினாறாண்டு தங்கினார். அங்கே மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் கொண்டு கட்டுவதைப் பார்த்து, தாம் கல்லூரியில் படித்ததில் பாதியை மறந்தார். 1963-ல் கேரளத்துக்கு வந்தவர், பின்பு திருவனந்தபுரத்திலேயே நிலைத்தார்.

அவர் கட்டும் முறையைச் சற்று விவரிப்போம். நம் கொத்தனார்களுக்கும் பயன்படலாம். சுவர் கட்டுகையில் செங்கல்லைப் படுக்க வைப்பது வழக்கம். அவர் விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். நூற்றுக்குச் சுமார் 25 செங்கல் மிச்சம். நடுவே உள்ள காற்று வெயிலையும் தடுக்கிறது. காங்கிரீட் கூரையின் அடிப்பாகம் பாரம் தாங்குவதில்லை என்பது பொறியாளர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் அங்கே சிமெண்டைக் கொட்டுகிறார்கள். பேக்கர் அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்தார். சன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினார். வெளிச்சமும் காற்றும் வரும், கம்பி வேண்டாம், கதவு வேண்டாம். சுவருக்குப் பூச்சுப் பூசவில்லை. நம் ஊரில் பூச்சில்லாத சுவரைப் பணம் தீர்ந்து போனவன் வீடு என்பார்கள். அவரோ உள்ளூர் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் கட்டடங்களையே அப்படித்தான் நிறுத்தினார். மனையில் மரம் நின்றால் சுவரை வளைத்தார், மரத்தை வெட்டவில்லை. கையில் கிடைத்த பழைய காகிதத்தில் கோடு போட்டு, மனையிலேயே நின்று, கொத்தனாரோடு பேசிப் பேசிக் கட்டினார். பூந்துறை மீனவர்களுக்கும் வரைந்தார். பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் வரைந்தார். இருவருக்கும் செங்கல் ஒன்றே. திருவனந்தபுரம் தம்பானூரில், தொழிலாளர் கூட்டுறவினர் நடத்தும் இந்தியன் காபி ஹவுஸுக்காக அவர் கட்டிய சிவந்த உருளைக் கட்டடத்தில், சுழன்று ஏறும் சாய்தளத்தை ஒட்டியே மேசைகள் இருக்கின்றன. 1989-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார், 2007-ல் மறைந்தார். தமிழ்நாட்டில் அவர் கையைக் காண விரும்புவோர், சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவுக்குப் போகலாம்.

ஏழைக்கு முழு வீடு கட்டிக் கொடுக்கப் பணமில்லை என்று அரசாங்கங்கள் சொல்லும்போது மறுமொழி சொன்னவர்கள் மூவர். முதல்வர் பாலகிருஷ்ண தோஷி (1927–2023). பாரிஸில் லெ கார்பூசியேயிடம் வேலை கற்று, அகமதாபாத்தில் பள்ளி நிறுவியவர். 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர். இந்தூரில் 1989-ல் உருவான ஆரண்யா குடியிருப்பில் சுமார் 6,500 மனைகள். மிக ஏழைக்கு 35 சதுர மீட்டர் மனை. அதிலே அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீரும் ஓர் அறையும் முதலில். மீதியைக் குடும்பம் தன் வருவாய்க்கேற்பத் தானே கட்டிக்கொள்ளும். இரண்டாமவர் சார்லஸ் கொரியா (1930–2015). நவி மும்பையின் பேலாப்பூரில் அவர் வகுத்த குடியிருப்பில் எந்த வீடும் அடுத்த வீட்டின் சுவரைப் பகிரவில்லை. ஆகவே ஒருவன் தன் வீட்டை நீட்டினால் மற்றவனோடு சண்டையில்லை. மனைகள் 45 சதுர மீட்டருக்கும் 75-க்கும் இடைப்பட்டவை. செல்வனுக்கும் ஏழைக்கும் அதற்குமேல் வித்தியாசம் வைக்கவில்லை. தொடர் வீட்டில் வசிக்கும் நாம் இதைப் படித்தபோது சற்று நேரம் சுவரையே பார்த்துக் கொண்டிருந்தோம்.

மூன்றாமவர் சிலி நாட்டு அலெஹாந்திரோ அரவேனா. இகிகே நகரில் முப்பதாண்டாக ஆக்கிரமிப்பு நிலத்தில் குடியிருந்த சுமார் நூறு குடும்பங்களுக்கு 2004-ல் வீடு வரைந்தார். அரசாங்கம் கொடுத்தது குடும்பத்துக்கு 7,500 டாலர், நிலத்தின் விலையும் அதற்குள்ளே. சிறிய முழு வீடு கட்டுவதைவிட நல்ல வீட்டில் பாதி கட்டுவோம் என்று தீர்மானித்து, குடும்பம் தன் கையால் கட்ட முடியாத பாதியை மட்டும் கட்டினார். வெந்நீர்க் கருவியா, குளியல் தொட்டியா, ஒன்றுக்குத்தான் பணம் என்று அந்த ஜனங்களையே கேட்டபோது அவர்கள் தொட்டியைக் கேட்டார்களாம். மேசையில் உட்கார்ந்து எண்ணியவர் வெந்நீரைத்தான் கொடுத்திருப்பார். எரிவாயுக் கட்டணம் கட்ட அவர்களிடம் காசில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நம் நாட்டுக்கு வருவோம். பினாங்கில் 1948-ல் பிறந்த கென் யாங், 1985-ல் அம்பாங்கில் தமக்கென ஒரு வீடு கட்டினார். கூரைக்கு மேல் இன்னொரு சட்டக் கூரை. வெயில் மேலதன்மேல் விழுகிறது, கீழது குளிர்ந்திருக்கிறது. 1992-ல் சுபாங் ஜெயாவில் அவர் கட்டிய மெசினியாகா கோபுரத்தில் மின்தூக்கியும் படிக்கட்டும் கிழக்கு வெயில் தாக்கும் பக்கத்தில் வைக்கப்பட்டு, அவையே நிழலாயின. சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் 2005-ல் திறந்த 16 மாடித் தேசிய நூலகமும் அவரது குழுவினருடையதே. அங்கே தமிழ்ப் புத்தகம் எடுக்கப் போகிற நம்மவர்கள் ஒரு தடவை தலையை நிமிர்த்தி, வெயிலை மறைக்கும் அந்தத் தட்டிகளைப் பார்க்கட்டும். இரட்டைக் கூரையும் தட்டியும் புதுமையல்ல. தூண்மேல் நிற்கும் மலாய்க் கம்பத்து வீட்டில் பாதியும், நம் தோட்டத்துக் கீற்றுப் பந்தலில் பாதியும் முன்னரே இருந்தவை.

முடிந்து போன அடுக்குமாடிக்கு என்ன செய்வது என்று கேட்பவருக்கு, பிரான்சு தேசத்து லகாத்தோன், வசால் என்ற இருவரைச் சொல்லலாம். போர்தோ நகரில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய மூன்று கட்டடங்களை, 530 வீடுகளை, இடிக்க மாட்டோம் என்றார்கள். ஒவ்வொரு வீட்டின் வெளிப்புறத்திலும் அகலமான கண்ணாடித் தாழ்வாரம் ஒன்றைச் சேர்த்தார்கள். வேலை நடக்கையில் குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். 2021-ல் இவர்களுக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. நம் மலிவு விலைக் குடியிருப்புகளில் கூட்டு நிர்வாகக் குழுவில் இருக்கும் தோழர்கள் அந்தப் படங்களைப் பார்ப்பது நலம். பழுது பார்க்கப் பணம் வரும் நாளில் சாயம் பூசுவதைத் தவிர வேறு என்ன கேட்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற மாதம் நம் வீட்டின் முன்புறத்தைத் திருத்த ஒரு குத்தகைக்காரரை அழைத்தோம். நம்மவர், சுறுசுறுப்பான இளைஞர். மினெட் அம்மையாரின் வினாப் பட்டியலை மனத்தில் வைத்துக் கொண்டு, நம்மைக் கேட்காமல் நமது தாயாரைக் கேட்கும்படி அவரிடம் சொன்னோம். அவர் சற்றுச் சிரித்து, "அம்மா, ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றார். தாயார் வாசலைக் காட்டி, சாயங்காலம் உட்கார ஒரு திண்டு வேண்டும் என்றார். "நாற்காலி போட்டா போதுமேம்மா, வண்டி நிறுத்தற எடம் கொறையுதே" என்றார் அவர்.

"ஒருத்திக்குன்னா நாற்காலி போதும் தம்பி. பக்கத்து வீட்டுக்காரி வந்தா அவ எங்க உக்காருவா?"

அவர் தாளைத் திருப்பி, பின்புறத்தில் எழுதிக் கொண்டார்: நீளம் 5 அடி, உயரம் 1½ அடி.